கீரி – 6

6 மே 2025, செவ்வாய்
படகிலிருந்து

ஷாமளா,

இந்தக் கடிதத்தை ருக்னுதீன் பாயிடம் கொடுத்து அனுப்புகிறேன். செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்குத் தண்ணீரும் அரிசியும் ஏற்றி வருகிறவர் அவர்தான். நம் உலு திராம் பாசாரில் அவர் தங்கை சம்சாத் பேகம் கடை வைத்திருக்கிறாராம். அங்கே போய் வாங்கிக்கொள், பதிலையும் அங்கேயே கொடு. பாய் பயந்த மனுஷன். "போன் மட்டும் கொண்டாரச் சொல்லாதீங்க தம்பி. பைய செக் பண்றாங்க, என் பொழப்பு போயிரும். கடுதாசின்னா குடுங்க, அரிசி சாக்குல சொருகிக்கிறேன்" என்றார்.

கேப்டன் போனைத் தவிர எங்கள் போன் எல்லாவற்றையும் கம்பெனி மேனேஜர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இங்கே இருக்கிற இந்தோனேசியா பையன் ஒருத்தன், நாங்கள் இழுத்து வந்த மணல் பார்ஜ் அந்த மீன் வளர்க்கும் கேலோங்கை இடித்து உடைத்ததை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். அவன் செய்த வேலைக்கு எல்லாருக்கும் தண்டனை.

உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருந்தால் எனக்கு மண்டை வெடித்துவிடும். நான் ஒர்க் ஷாப் ஆள். பார்ஜ் இழுக்கிற இந்த டக் படகின் இன்ஜினை நாம் பிரித்துக் கோத்தோம், மூன்று நாள் சோதனை ஓட்டத்துக்குக் கூட வந்தேன். ஓடுகிற படகில் வெளியாள் இருக்கக்கூடாது என்று படகு ஆட்கள் பட்டியலில் என் பெயரையும் இரண்டாம் இன்ஜினியர் என்று எழுதினார்கள். "பேப்பருக்குத்தான் லா ரூபன், சும்மா" என்றார் நம் ஒர்க் ஷாப் முதலாளி தவுக்கே. இரண்டாம் நாள் இடது வரிசை மூன்றாம் பிஸ்டன் தன்னைச் சுற்றியிருக்கிற லைனர் குழாயைக் கவ்விப் பிடித்தது, இன்ஜின் நின்றது, பார்ஜ் எங்களையும் இழுத்துக்கொண்டு போய் கேலோங்கில் மோதியது. இப்போது துறைமுக அலுவலகம் சொல்கிறது, விசாரணை முடியும் வரை பட்டியலில் இருக்கிற ஒருத்தரும் இறங்கக்கூடாதாம். சும்மா எழுதின பெயர் பத்தொன்பது நாளாக என்னைக் கட்டிப் போட்டிருக்கிறது.

கெலாங் பாத்தா கரை இங்கிருந்து தெரிகிறது. சிங்கப்பூருக்குப் போகிற பாலத்தின் மேல் ஓடுகிற பஸ்ஸின் நிறம்கூடத் தெரிகிறது. நம் வீட்டுக்கு முக்கால் மணி நேரம். கடலின் நடுவில், ஒன்றும் தெரியாத இடத்தில் கிடந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வராது. படுக்கிற இடம் சவப்பெட்டி அகலம். ஜெனரேட்டரை ராத்திரி நிறுத்திவிடுகிறார்கள், காற்று இல்லை. மேலே வந்து நின்றால் கொசு. முன்னாலிருந்து பின்னால் முப்பத்தெட்டு அடி எடுத்து வைக்கலாம், முப்பத்தொன்பதாவது அடி தண்ணீர்.

இன்ஜின் ஓடினால் எங்கள் பலத்திலேயே படகுத்துறை ஜெட்டிக்குப் போகலாம், போனால் இறங்கலாம் என்று கேப்டன் சொல்கிறார். அதனால் இடது மூன்றுக்கு ஒரு பிஸ்டன், லைனர், ரிங் செட், அடியில் எண்ணெய் பீய்ச்சுகிற ஜெட் ஒன்று, எல்லாம் நீ பார்க்கிற ஒர்க் ஷாப் ஸ்டோரிலிருந்து எடுத்து அனுப்பு. தனா ஜூன் பதினைந்தாம் தேதி சபாவுக்குப் படிக்கப் போகிறாள். என் பிள்ளையை செனாய் ஏர்போர்ட்டில் நான்தான் ஏற்றிவிடுவேன். மரக்காதே.

ரூபேந்திரன்

❖

8 மே, வியாழன்
உலு திராம்

என்னங்க,

மரக்காதே இல்லை, மறக்காதே. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய கடிதத்தில் "உன்னை மரக்க முடியவில்லை" என்று எழுதி என் தோழிகள் எல்லாரும் ஆறு மாதம் என்னை மரம் என்று கூப்பிட்டார்கள். இருபது வருஷம் ஆகியும் உங்களுக்கு இந்த ரகரம் றகரம் மட்டும் ஏறவே இல்லை. நிறையத் திட்டியிருக்கிறீர்கள், அதனால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

கேப்டன் போனுக்கு நான் நாலு முறை அடித்தேன். "ரூபன் ஓகே, ஓகே" என்று வைத்துவிடுகிறார். கடிதம் கையில் வந்ததும் சம்சாத் அக்கா கடையிலேயே நின்றபடி படித்தேன். அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நீங்கள் கேட்டது எல்லாம் வைத்திருக்கிறேன். ஸ்டோரில் இந்த இன்ஜினுக்குப் போன முறை எந்த நம்பரில் ஜெட் வாங்கினேனோ அதே நம்பர்தான், புதுசு.

இன்னொரு விஷயம். மணியம் அண்ணனை தவுக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். இன்ஜினைக் கோத்த பிட்டர் அவர்தான், அதனால் தப்பும் அவருடையதாம். விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்றாராம். அண்ணன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். காளியம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு குளுவாங்கில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எனக்கு என்னமோ போல இருக்கிறது.

தனா பெட்டி வாங்கிவிட்டாள். "அப்பா வருவாரா?" என்று தினமும் கேட்கிறாள். வருவார் என்று தினமும் சொல்கிறேன்.

ஷாமளா

❖

20 மே, செவ்வாய்
படகு

ஷாமளா டீச்சரம்மா,

ரகரம் பார்த்து, றகரம் பார்த்து எழுதுகிறேன், போதுமா.

நீ அனுப்பியதை எல்லாம் மாட்டினேன். ஐந்து நாள். இன்ஜின் பக்கத்தில் படுத்துக்கொண்டு வேலை செய்தால் என் தோளுக்கும் படகின் இரும்புக்கும் நடுவே உள்ளங்கை நுழையாது. வியர்வை கண்ணில் விழுந்தால் துடைக்கக் கையை மேலே கொண்டுவர முடியாது. ஒரு முறை முழங்கால் சிக்கிக்கொண்டது. பத்து நிமிஷம்தான் இருக்கும், ஆனால் நான் சத்தம் போட்டுவிட்டேன். பையன்கள் ஓடி வந்து இழுத்தார்கள். இதை தனாவிடம் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டினோம். நாற்பது நிமிஷம் நன்றாக ஓடியது, கேப்டன் என் முதுகில் தட்டினார். அப்புறம் அதே மூன்றாம் நம்பர் சூடு. இன்ஜினின் பக்கக் கதவின் மேல் கை வைத்தேன், தோல் பொசுங்கிவிட்டது. உடனே நிறுத்தினேன். அலமாக்! புது பிஸ்டன், புது லைனர், புது ரிங், எல்லாம் புதுசு, பழைய வியாதி. அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால் சிரிப்பாயா?

நேற்றுதான் புத்தி வந்தது. உனக்கு ஜெட்டின் நம்பர் தெரியும், அது செய்கிற வேலை தெரியாது. சொல்கிறேன் கேள். ஒவ்வொரு பிஸ்டனுக்கு அடியிலும் சுண்டுவிரல் அளவு ஒரு ஜெட் நிற்கிறது. கீழேயிருந்து எண்ணெயைப் பீய்ச்சி, பிஸ்டன் அடியில் இருக்கிற ஒரு சின்ன ஓட்டைக்குள் நேராக அனுப்ப வேண்டும். அந்த எண்ணெய் பிஸ்டன் தலைக்குள் வளையமாகச் சுற்றி, சூட்டை வாங்கிக்கொண்டு கீழே விழும். மேலே தீ எரிகிறது, அடியில் எண்ணெய் ஓடுகிறது, அதனால்தான் பிஸ்டன் பிழைக்கிறது. ஜெட்டின் மூக்கு ஒரு நூல் தள்ளியிருந்தாலும் எண்ணெய் ஓட்டைக்கு வெளியே அடித்துச் சிதறும். பிஸ்டன் வீங்கும், லைனரைக் கவ்வும்.

பக்கக் கதவைத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டு, பையனைக் கை பம்ப் அடிக்கச் சொன்னேன். எண்ணெய் எழும்பியது. ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளி அடித்தது! ஜெட்டைக் கழற்றி, வலது வரிசை ஜெட் ஒன்றையும் கழற்றி பக்கத்தில் வைத்தேன். இரண்டு வரிசையும் எதிரும் புதிருமாகச் சாய்ந்து நிற்கிற இன்ஜின் இது, ஜெட்டின் மூக்கு ஒன்றுக்கு இந்தப் பக்கம், ஒன்றுக்கு அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம். பன்னிரண்டையும் பார்த்தேன். பன்னிரண்டும் வலது ஜெட். இடது வரிசையில் மற்ற ஐந்தும் இதே கதிக்குத்தான் போய்க்கொண்டிருந்தன, மூன்றாம் நம்பர் முந்திக்கொண்டது. நீ இப்போது அனுப்பியதும் வலது.

அப்படியென்றால் என் இடது ஜெட் ஆறும் எங்கே போயின? நானே கழுவி, ஓட்டை அடைப்பு இருக்கிறதா என்று ஊதிப் பார்த்து, பையில் போட்டு வைத்தேன். நம் ஒர்க் ஷாப்பில் இடது, வலது என்று யார் சொல்கிறோம்? மலாய்க்காரர் சொல்கிற மாதிரி கிரி, கானான்தான். நம் வழக்கப்படி மற்றவன் படித்துவிட்டு எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று அதை நாம் இழுத்துச் சொல்கிற மாதிரியே தமிழ் எழுத்தில் பையின் மேல் எழுதினேன்: கீரி – 6. மீதி ஆறும் டிரேயில் கிடந்தன. ஒரு பக்கம் எழுதினால் போதாதா, மிச்சம் கானான் என்று மணியத்துக்குத் தெரியாதா?

அவன்தான் தொலைத்திருக்கிறான், இல்லையென்றால் எவனுக்கோ கொடுத்துவிட்டு வேறு வாங்கி மாட்டியிருக்கிறான். அவனால்தான் நான் இந்த இரும்புப் பெட்டிக்குள் கிடந்து வேகிறேன். அந்தப் பை உன் ஸ்டோர் வழியாகத்தானே போனது? நீதானே எடுத்துக் கொடுத்திருப்பாய்? என்ன நடந்தது என்று எழுது. இடது ஜெட் ஆறு உடனே அனுப்பு.

ரூபன்

❖

22 மே, வியாழன்
உலு திராம்

என்னங்க,

இடது ஜெட் ஆறு அனுப்பியிருக்கிறேன். உதிரி பாகப் பட்டியலில் இரண்டு நம்பருக்கும் கடைசி எண் ஒன்றுதான் வித்தியாசம். இந்த முறை நானே சப்ளையர் கடைக்குப் போய் இரண்டையும் பக்கத்தில் வைத்து மூக்கைப் பார்த்துத்தான் வாங்கினேன். கைக்குப் பூசத் தைலமும் ஊறுகாயும் வைத்திருக்கிறேன். முழங்கால் சிக்கிய கதையைப் படித்ததிலிருந்து எனக்கு மூச்சு முட்டுகிறது. தூக்கத்தில் நானும் எங்கேயோ சிக்கிக்கொள்கிறேன்.

தனாவுக்குக் குளிர் தாங்காது என்று ஸ்வெட்டர் வாங்கினேன். சபாவில் குளிரே இல்லையாம், அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

பை விஷயம் கேட்டிருந்தீர்கள். ஸ்டோரில் இப்போது வருஷ ஸ்டாக் எண்ணுகிறார்கள், ஒரே கூட்டம். அப்புறம் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் மணியம் அண்ணன் திருடுகிற ஆள் இல்லை. நீங்கள் கோபத்தில் எழுதிவிட்டீர்கள்.

ஷாமளா

❖

3 ஜூன், செவ்வாய்
படகு

ஷாமளா,

ஓடிவிட்டது! நாலு மணி நேரம், முழு வேகம், பன்னிரண்டு பிஸ்டனும் ஒரே சூடு, கை வைத்தால் வைத்த கை வைத்தபடி இருக்கலாம். பையன்கள் கடைசிக் கோழியை அடித்துக் குழம்பு வைத்தார்கள். அன்றைக்கு ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

சந்தோஷம் அதோடு சரி. மறுநாள் துறைமுக ஆள் வந்தார். இன்ஜின் ஓடினால் மட்டும் போதாதாம். முதலில் ஏன் நின்றது என்று எழுத்தில் காரணம் வேண்டுமாம். கேலோங்காரர் கேஸ் போட்டிருக்கிறார், இன்சூரன்ஸ்காரர் கேட்கிறார். காரணம் கிடைக்கும் வரை நங்கூரத்தை எடுக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை கம்பெனி மேனேஜர் வந்தார், கூடவே நம் தவுக்கே. கால் வைக்க இடமில்லாத அந்தச் சமையல் அறையில் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். காகிதம் தயாராக இருந்தது. பிட்டர் மணியம் யாரிடமும் கேட்காமல் சரியான ஜெட்டை எடுத்துவிட்டுத் தவறான ஜெட்டைப் பொருத்தினார், இதை நான் கண்டுபிடித்தேன் என்று மலாயில் எழுதியிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் அவர்கள் வேறு ஆளைப் பட்டியலில் சேர்த்து, பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை என்னை இறக்கிவிடுவார்கள். "மணியத்துக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன். "ஜெட்டி பாஸ் கேன்சல் ஆகும். வேற எடத்துல வேலை பாத்துக்குவான் லா. உனக்கு மகள் போறால்ல?" என்றார் தவுக்கே.

ஜெட்டி பாஸ் போனால் படகு வேலையில் அவனை யார் எடுப்பார்கள்? அவனுக்கு வேறு என்ன தெரியும்? இது எனக்குத் தெரிகிறது. அவன் தொலைத்திருந்தால் அனுபவிக்கட்டும் என்றும் தோன்றுகிறது. அவன்தானா என்றும் தோன்றுகிறது. போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பையை என்ன செய்தான் அவன்? நீ ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு நிம்மதி. அடுத்த செவ்வாய்க்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

ரூபன்

❖

5 ஜூன், வியாழன்

என்னங்க,

மேலே நான் எழுதி அடித்திருக்கிற இரண்டு வரியைப் படிக்கப் பார்க்காதீர்கள். ஒன்றுமில்லை.

உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யுங்கள். நான் என்ன சொல்ல? தனா உங்கள் சட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். நீங்கள் வந்துவிட்டால் போதும் என்று இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு யோசிக்க வரவில்லை.

ஷாமளா

❖

10 ஜூன், செவ்வாய்
படகு

ஷாமளா,

போட்டுவிட்டேன்.

அடித்த வரியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. நீ வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்ட காகிதம் கேப்டனிடம் உறையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பாய் படகில் என்னோடு கரைக்கு வரும், அங்கே மேனேஜர் வாங்கிக்கொள்வார். வெள்ளியோடு ஐம்பத்தேழு நாள். மதியம் மூன்று மணிக்கு ஜெட்டிக்கு வா, தனாவையும் கூட்டிக்கொண்டு வா.

மணியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு மாதம் போகட்டும், நாலு பேரிடம் சொல்லி எங்கேயாவது சேர்த்துவிடுவேன். சத்தியமாகச் செய்வேன். நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, வெயில்தான் காரணமாக இருக்கும்.

வந்ததும் முதலில் நம் வீட்டுக் கூடத்தில் கையையும் காலையும் நீட்டிப் படுக்கப் போகிறேன். யாரும் என்னை எழுப்பக்கூடாது.

ரூபன்

❖

12 ஜூன், வியாழன்
உலு திராம்

என்னங்க,

உங்கள் கடிதம் செவ்வாய் சாயங்காலமே வந்துவிட்டது. இரண்டு நாளாகக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். நாளைக்கு நீங்கள் வரப் போகிறீர்கள், நேரிலேயே சொல்லலாம், இல்லை சொல்லாமலே விடலாம் என்று பார்த்தேன். நேரில் உங்கள் முகத்தைப் பார்த்தால் சொல்ல மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

மணியம் அண்ணன் தொலைக்கவில்லை. நான்தான்.

பையை நான் எடுத்தேன். "கீரி – 6" என்று இருந்தது. கீரிப்பிள்ளைக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்? இந்த மனுஷனுக்கு ரகரம் றகரம் வராது, "கீறி" என்று எழுத நினைத்து எழுதியிருக்கிறார், ஆறும் கீறல் விழுந்தது என்று அர்த்தம், அப்படித்தான் நினைத்தேன். சிரித்துக்கொண்டே நினைத்தேன். உங்களுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். எனக்குத்தான் உங்கள் எழுத்து மனப்பாடம் ஆயிற்றே, கேட்பானேன் என்று இருந்துவிட்டேன். ஆறையும் கழிவு இரும்புப் பெட்டியில் போட்டேன், அந்த வாரமே லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. டிரேயில் நல்லதாக ஆறு கிடந்ததே, அதன் நம்பரைப் பார்த்து அதே மாதிரி ஆறு வாங்கி, பன்னிரண்டாக்கி அண்ணன் கையில் கொடுத்தேன். ஒரே மூக்கு உள்ள பன்னிரண்டு. நான் கொடுத்ததை அவர் மாட்டினார்.

இருபதாம் தேதி உங்கள் கடிதத்தில் அந்தக் "கிரி"யைப் படித்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. சம்சாத் அக்கா கடையில் நின்றுகொண்டிருந்தேன், கடிதத்தை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும். அந்தக் காகிதம் வந்த பிறகு, எழுதினால் நீங்கள் கையெழுத்துப் போட மாட்டீர்கள், இறங்க மாட்டீர்கள், தனாவை அனுப்ப வர மாட்டீர்கள் என்று பயந்தேன். முதல் நாளிலிருந்தே ஒர்க் ஷாப்பில் என் வேலை போகுமே என்றும் பயந்தேன். இரண்டும் உண்மை. எது பெரிய பயம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

போன வாரம் மணியம் அண்ணன் தன் டூல்ஸ் பெட்டியை எடுக்க வந்தார். என் ஸ்டோர் ஜன்னலில் நின்று, "தங்கச்சி, நான் ரெண்டு மாசமா யோசிச்சுப் பாக்குறேன், எங்க தப்பு பண்ணேன்னே தெரியல. நீ குடுத்த டிரேயிலருந்துதானம்மா எடுத்தேன்?" என்று கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன் ஞாபகத்தைச் சரிபார்க்கக் கேட்டார். "ஆமாண்ணே" என்றேன். "அப்ப எனக்குத்தான் வயசாயிருச்சு போல" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். என்னங்க, அதிலிருந்து என்னால் அந்த ஜன்னலில் உட்கார முடியவில்லை. நீங்கள் அங்கே அடைபட்டுக் கிடக்கிறீர்கள், நான் இங்கே பஸ்ஸில் ஏறி இறங்கி, பாசாருக்குப் போய், எல்லாரிடமும் பேசிக்கொண்டு அடைபட்டுக் கிடக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜெட் மாட்டிய பிறகு ஒவ்வொன்றிலும் கம்பி விட்டு ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து டிக் போட வேண்டிய தாள் என்னிடம்தான் இருக்கிறது. அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. பன்னிரண்டு டிக்கும் ஒரே சாய்வு, ஒரே இழுப்பு, ஓரத்தில் பருப்புக் கறை. கம்பி விட்டுப் பார்த்தவர் கையில் எண்ணெய்க் கறை அல்லவா இருக்கும்? நான் இதைக் கேட்க மாட்டேன், நீங்கள் பையைக் கேட்காதீர்கள் என்று மனசுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். நாம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிடுவோம். நடுவில் அண்ணன் மட்டும் வெளியே நிற்பார்.

நாளைக்கு மூன்று மணிக்கு ஜெட்டியில் இருப்பேன். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம் என்று எழுத ஆசை. எழுத வரவில்லை. வந்துவிடுங்களேன் என்றுதான் மனசு சொல்கிறது. பாவிதான் நான்.

ஷாமளா

❖

13 ஜூன், வெள்ளி
படகு

ஷாமளா,

பாய் படகு பக்கத்தில் நிற்கிறது. அவர் உன் கடிதத்தை நீட்டியபோது நான் கயிற்று ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டேன். கரையில் போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று பையில் போடப் போனேன். அப்புறம் என்னவோ பிரித்தேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மூன்று வாரம் தெரிந்துகொண்டே ஊறுகாய் அனுப்பியிருக்கிறாய். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கத்தலாம் என்று வாயைத் திறந்தால் பருப்புக் கறைதான் ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்குத் தவுக்கே அவசரப்படுத்தினார். கேன்டீனில் ரொட்டி சானாயைப் பருப்பில் தோய்த்துத் தின்றுகொண்டே பன்னிரண்டு கட்டத்திலும் டிக் போட்டேன். மணியம் கோத்தது, என்ன தப்பு இருக்கப் போகிறது என்று போட்டேன். அவன் மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கு. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இன்றைக்கு அவன் கழுத்தை அறுத்திருக்கிறேன். கம்பி விட்டிருந்தால் பத்தே நிமிஷத்தில் தெரிந்திருக்கும், நீ எதை அனுப்பியிருந்தாலும்.

கேப்டனிடம் போய் உறையைக் கேட்டேன். "கிலா காமு?" என்றார். பைத்தியமா உனக்கு என்று அவர்கள் பாஷையில். கொடுக்க மாட்டேன் என்றார், நான் பிடுங்கினேன், பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிழித்துக் கடலில் போட்டேன். வேறு காகிதத்தில் எனக்குத் தெரிந்த மலாயில் ஆறு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு யாரும் படிக்க முடியாத எழுத்தில், ஒரு பக்கத்துக்கு மட்டும் பெயர் எழுதி வைத்தது நான். பார்க்காமலே பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டதும் நான். மணியத்தின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. உன் பெயரும் இல்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக விடவில்லை. உன்னுடையதை நீயே எழுது. எழுதி, அந்த டிக் போட்ட தாளையும் சேர்த்து, துறைமுக அலுவலகத்தில் உன் கையால் கொடு. ஆனால் முதலில் குளுவாங்குக்குப் போ. ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்லாதே, அவன் வீட்டுக்குள் போய்ச் சொல்.

துறைமுக ஆள் திங்கட்கிழமைதான் வருவாராம். அதற்கப்புறம் எத்தனை நாள், எத்தனை வாரம் என்று கேப்டனுக்கும் தெரியவில்லை. மறுபடி அந்தச் சவப்பெட்டிக் கட்டில்தான். இப்போதுகூட இறங்கி ஓடிவிடலாமா என்றுதான் இருக்கிறது. அதனால்தான் இதை வேகமாக எழுதுகிறேன். பாயை முதலில் அனுப்பிவிட வேண்டும்.

தனா பக்கத்தில்தானே நிற்பாள். அப்பாவுக்கு வேலை முடியவில்லை என்று சொல்லாதே. நடந்ததைச் சொல். ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் போய் ஏற்றிவிடு.

தண்ணீர் இறங்குகிறது என்று பாய் சத்தம் போடுகிறார். என் துணிப்பையை முதலிலேயே அவர் படகில் போட்டுவிட்டேன், திரும்ப எடுக்க நேரமில்லை, மாற்றுத் துணி எல்லாம் அதில்தான் இருக்கிறது. துவைத்து, செவ்வாய்க்கிழமை அவரிடமே கொடுத்து அனுப்பு.

ரூபன்